காரைக்கால்மேடு நலவழி மையம்: விழிப்புணர்வு முகாம்கள் எதற்காக? நம் குடும்பங்கள் செய்ய வேண்டியது என்ன?

காரைக்கால்மேடு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விழிப்புணர்வு முகாம் நடைபெற்றது என்பது போன்ற செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். ஒரு மாதம் வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாம், இன்னொரு மாதம் தாய்ப்பால் வாரம், மழைக்காலம் வந்தால் டெங்கு ஒழிப்புப் பேரணி. படத்தில் பதாகை, மருத்துவ அதிகாரி, செவிலியர்கள், ஆஷா பணியாளர்கள், முன்வரிசையில் கைக்குழந்தையோடு தாய்மார்கள். செய்தியை வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

இந்த முகாம்களின் பின்னால் என்ன வேலை நடக்கிறது, அது நம் வீட்டுக்கு எப்படிப் பயன்படுகிறது, நம் பங்கு எவ்வளவு என்பதை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவது நல்லது எனக் கருதினோம். பதாகையும் பேரணியும் இந்த வேலையின் வெளித்தோற்றம்தான். உண்மையான வேலை, கையில் பதிவேட்டோடு வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டும் பணியாளரிடம் தொடங்குகிறது. கதவு திறந்து, கேட்டதற்கு உண்மையான பதில் கிடைத்தால்தான் முகாம் வெற்றி பெறுகிறது.

நலவழி மையம் என்பது என்ன?

காரைக்கால் நகரை ஒட்டிய கடலோர மீனவ ஊர் காரைக்கால்மேடு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. புதுச்சேரி அரசின் சுகாதாரத் துறைக்கு நம் பகுதியில் வழங்கும் பெயர் நலவழித்துறை. அதன் கீழ் ஊர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், அவற்றுக்கு மேல் சமுதாய நலவழி மையங்களும், நகரில் அரசு பொது மருத்துவமனையும் உள்ளன.

நாட்டு அளவிலான கணக்குப்படி சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் என்ற ஏற்பாடே 1946இல் போர் குழு அளித்த அறிக்கையிலிருந்து வந்தது. பெரிய மருத்துவமனை நோய் வந்த பிறகு மருத்துவம் பார்க்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நோய் வராமல் தடுப்பதும் சேர்ந்தே கடமை. அதனால்தான் இங்கே பணிபுரிவோரில் பலர் பாதி நாளை வெளியே, தெருக்களில் கழிக்கிறார்கள்.

மருத்துவ அதிகாரி நோயாளிகளைப் பார்ப்பதோடு, தன் எல்லைக்குள் எங்கே காய்ச்சல் கூடுகிறது, எங்கே வயிற்றுப்போக்கு தென்படுகிறது என்றும் கணக்கு வைத்திருக்க வேண்டும். சுகாதார ஆய்வாளர் குடிநீர்த் தொட்டி, உணவகம், பள்ளிக்கூடச் சமையலறை ஆகியவற்றைப் பார்க்கிறார். குழாய்த் தண்ணீரில் குளோரின் மீதம் இருக்கிறதா என்று சிறு கருவியால் சோதிக்கிறார். கடைசிக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மீதம் இருக்க வேண்டும். கிராம செவிலியர் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருப்பவர். 2005இல் தேசிய கிராமப்புற சுகாதார இயக்கத்தோடு வந்தவர்கள் ஆஷா பணியாளர்கள். அந்தந்த ஊர்ப் பெண்களே இதில் சேர்கிறார்கள். அவர்களின் பணியைப் பாராட்டி 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது வழங்கியது. இவர்களோடு மருந்தாளுநரும் ஆய்வக நுட்புனரும் சேர்ந்தால்தான் ஒரு நிலையம் முழுமையாகும்.

2022: காரைக்காலுக்குக் கிடைத்த பாடம்

இந்த வேலை ஏன் முக்கியம் என்பதை காரைக்கால் மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022 கோடையின் முடிவில் மாவட்டத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் திடீரெனக் கூடின. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலரின் மாதிரிகளில் காலரா கிருமி இருப்பது உறுதியானது. ஜூலை 3ஆம் தேதி பொது சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டு, பள்ளி கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விடப்பட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும், உணவகங்களும் கொதித்த நீரையே தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேல்நிலைத் தொட்டிகளில் குளோரின் இடப்பட்டது. குடிநீர்க் குழாய்களில் கசிவு எங்கே என்று தேடும் வேலையும் நடந்தது.

காலரா பழைய காலத்து நோய், இனி வராது என்று நினைத்திருந்தவர்கள் நம்மில் பலர். காவிரியின் கடைமடையில் இருக்கிறது காரைக்கால். அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு என ஆறுகள் எல்லாம் இங்கேதான் கடலில் சேர்கின்றன. தாழ்ந்த நிலம், தேங்கும் மழைநீர், பழைய குழாய்கள், அருகருகே ஓடும் சாக்கடை. குழாயில் நீரோட்டம் நின்றிருக்கும் நேரத்தில் சிறு விரிசல் வழியாக வெளியிலுள்ள அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். அடுத்த முறை தண்ணீர் திறந்துவிடும்போது அது வீடுகளுக்குப் போகும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் காலரா கிருமி இருக்க முடியும்.

இப்படிப்பட்ட நேரத்தில் முதல் எச்சரிக்கை ஆய்வகத்திலிருந்து வருவதில்லை. ஒரே தெருவில் மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கு என்று ஒருவர் சொல்வதிலிருந்துதான் வருகிறது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே சமாளித்துவிட்டால் அந்தக் கணக்கு நிலையத்துக்குப் போய்ச் சேராது. வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு வந்தால், அக்கம்பக்கத்திலும் அப்படி இருந்தால், ஆஷா பணியாளருக்கோ சுகாதார நிலையத்துக்கோ அன்றே சொல்லிவிட வேண்டும். தெருவுக்கே செய்யும் உதவி அது.

ஓ.ஆர்.எஸ்.: ஒரு பாக்கெட்டின் வலிமை

ஆண்டுதோறும் மழைக்காலத்தை ஒட்டி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் கொண்டுவந்து தருவதைப் பார்த்திருப்போம். வயிற்றுப்போக்குத் தடுப்பு இயக்கத்தின் பகுதி இது. ஜூலை 29 உலக ஓ.ஆர்.எஸ். தினம்.

இந்தப் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளின் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளியின் உறவினர்களே அதைப் புகட்டினார்கள். முப்பது சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதன் பிறகுதான் உலகம் முழுவதும் இந்த முறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் 2022இல் மறைந்தார். மறுஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படும்போது உப்பும் கூடவே உறிஞ்சப்படுகிறது. உப்பின் பின்னால் தண்ணீரும் உடலுக்குள் செல்கிறது. வெறும் தண்ணீர் இந்த வேலையைச் செய்யாது. அளவு மாறினாலும் வேலை கெடும். ஆகவே சில விஷயங்களை நினைவில் வைப்போம்.

ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுவதுமாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கலக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலப்பது தவறு. பால், பழச்சாறு, குளிர்பானம் எதிலும் கலக்கக் கூடாது. கூடுதலாகச் சர்க்கரை போடக் கூடாது. 24 மணி நேரம் கழிந்ததைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஆன பிறகும் 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு வேண்டிய அளவு கொடுக்கலாம். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாகப் புகட்ட வேண்டும். பாக்கெட் கையில் இல்லாத இரவில் ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம்.

துத்தநாக மாத்திரையை வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் 14 நாட்கள் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 10 மில்லிகிராம். பல வீடுகளில் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. வயிற்றைக் காயப்போட்டால் சரியாகிவிடும் என்ற பழைய எண்ணம் குழந்தைக்கு ஆபத்தாக முடியும்.

கண் குழி விழுதல், தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புதல், சிறுநீர் குறைதல், குடிக்க முடியாமை, மயக்கம், மலத்தில் ரத்தம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

தடுப்பூசி: எல்லையைத் தாண்டும் பிள்ளை, தாண்டாத பதிவேடு

நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என்று அமைந்தது காரைக்கால் மாவட்டம். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். திருமணமும் உறவும் எல்லை பார்ப்பதில்லை. பெண் காரைக்காலில் வாழ்க்கைப்பட்டிருப்பாள், பிரசவத்துக்கு நாகூரிலோ நாகப்பட்டினத்திலோ தாய் வீட்டுக்குப் போவாள். கணவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். குழந்தை பிறந்து மூன்று மாதம் அங்கே, பிறகு இங்கே.

இந்த இடைவெளியில்தான் தடுப்பூசி விட்டுப்போகிறது. அங்குள்ள செவிலியர் குழந்தை ஊருக்குப் போய்விட்டது என்று குறித்துக்கொள்வார். இங்குள்ள செவிலியருக்கு அப்படியொரு குழந்தை வந்திருப்பதே தெரியாது. இரண்டு பதிவேட்டிலும் யார் மீதும் தவறு இருக்காது, ஆனால் பிள்ளைக்கு ஊசி போட்டிருக்காது. ஆகவே தாய் சேய் நல அட்டையைப் பத்திரப் பெட்டியில் வைப்பது போல வைத்துக்கொள்வோம். அதைப் புகைப்படம் எடுத்துக் கைபேசியிலும் வைப்போம். கணவர் வீட்டுக்கு வந்த அதே வாரம் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் குழந்தையைப் பதிவு செய்வோம். தாமதமாகிவிட்டதே, திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம். விட்டுப்போன தவணையிலிருந்து தொடர்ந்தால் போதும். பெரும்பாலான ஊசிகளை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

அரசு அட்டவணை சுருக்கமாக: பிறந்தவுடன் பி.சி.ஜி., மஞ்சள் காமாலை பி ஊசி, போலியோ சொட்டு. 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் ஊசி, அதோடு போலியோ, ரோட்டா சொட்டு முதலியவை. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி, வைட்டமின் ஏ. 16 முதல் 24 மாதத்துக்குள் அடுத்த தவணைகள். பிறகு 5 வயதிலும், 10, 16 வயதிலும். அனைத்தும் இலவசம். பென்டாவேலன்ட் போட்ட இரவில் காய்ச்சல் வருவது இயல்பு. செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்தால் அடங்கும். அந்தக் காய்ச்சலுக்குப் பயந்து அடுத்த தவணையை விடுவதுதான் பெரும் தவறு.

வதந்தியும் இங்கே பேச வேண்டிய விஷயம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நாட்டிலேயே முதலில் தொடங்கிய ஐந்து பகுதிகளில் புதுச்சேரியும் தமிழ்நாடும் இருந்தன. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட அனைவருக்கும் போட வேண்டும் என்றார்கள். அப்போது தமிழகத்தில் வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பரவின. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்ட பெற்றோர்களும் இருந்தார்கள். தட்டம்மை வந்த ஒருவரிடமிருந்து, தடுப்புச் சக்தி இல்லாத 12 முதல் 18 பேர் வரை தொற்றக்கூடும். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக் கோளாறு வரக்கூடும். நம் பெண் பிள்ளைகளுக்குப் போடும் ஊசி அவர்கள் நாளை பெறப்போகும் பிள்ளையையும் காக்கிறது.

தடுப்பூசி போடாத பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் காட்டியது. ஒழிந்துவிட்டது என்று எண்ணிய தொண்டை அடைப்பான் நோய் 2015, 2016இல் அங்கே திரும்பி வந்து பிள்ளைகளின் உயிரைக் குடித்தது.

வதந்தியை வெல்ல முடியும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2009இல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. அதில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். போலியோ சொட்டு குறித்த சந்தேகத்தால் அங்கே முஸ்லிம் குடும்பங்கள் பலவும் கதவைச் சாத்தின. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா போன்ற நிறுவனங்களும் ஊர் இமாம்களும் களமிறங்கினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முகாம் நாள் அறிவிக்கப்பட்டது. அதே தெருவைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். 2010இல் 42 குழந்தைகள். 2011 ஜனவரியில் ஒரே ஒரு குழந்தை. அதன் பிறகு இயற்கைப் போலியோ கிருமியால் இங்கே யாருக்கும் நோய் வரவில்லை. 2014 மார்ச் 27இல் போலியோ இல்லாத பகுதி என்ற சான்றிதழ் கிடைத்தது. சந்தேகத்தைத் திட்டிப் போக்கவில்லை, தெரிந்த முகம் வந்து பொறுமையாகப் பேசியதால் போனது. நம் ஊர்களுக்கும் இதுதான் வழி.

டெங்கு: வீட்டுக்குள் பிறக்கும் கொசு

டெங்கு ஒழிப்புப் பணியாளர் வீட்டுக்குள் வந்து தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றால் பல வீடுகளில் தயக்கம். ஆண்கள் வெளியூரில், வீட்டில் பெண்கள் மட்டும் என்ற நிலையில் அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆஷா பணியாளரோடு சேர்ந்து வரச் சொல்லலாம். கொல்லைப்புறத்தையும் மாடியையும் மட்டும் காட்டலாம். ஆனால் பார்க்க வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதில் நமக்குத்தான் இழப்பு.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் இடுகிறது. பகலில் கடிக்கிறது. முட்டை முதல் கொசு வரை ஏழு முதல் பத்து நாட்கள். அதனால் வாரம் ஒரு நாள் பாத்திரங்களைக் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் கொசு உருவாக முடியாது. முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை காலை சுத்தம் செய்யும் வழக்கம் இருக்கிறது. அந்த வேலையோடு டிரம், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் போதும். பள்ளிவாசல் ஹவுலில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விடச் சுகாதாரப் பணியாளர்களிடம் நிர்வாகம் கேட்கலாம்.

காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்த்து, பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் இறங்கும் நாட்களே டெங்குவில் கவனிக்க வேண்டிய நாட்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய்

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வில், சர்க்கரை நோய் மிகுந்த பகுதிகளில் கோவாவுக்கு அடுத்த இடம் புதுச்சேரிக்கு. இருபது வயதைத் தாண்டியவர்களில் 26.3 சதவீதம், அதாவது நால்வரில் ஒருவருக்கு மேல். முப்பது வயது முடிந்த எல்லோருக்கும் சுகாதார நிலையங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம், வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் செய்யும் திட்டம் இருப்பது இதனால்தான். ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து வயது, இடுப்பளவு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்றெல்லாம் படிவத்தில் கேட்பது வீண் விசாரணை அல்ல. யாரை முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று அதை வைத்தே முடிவு செய்கிறார்கள். நம் பெண்கள் மார்பகக் கட்டியை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாதங்களைக் கடத்துகிறார்கள். பெண் செவிலியர், பெண் மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டு அறிந்து அன்று போகலாம்.

ரமலான் நெருங்கும்போது சர்க்கரை நோயாளிகள் ஒன்றரை மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை, இன்சுலின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு நேரத்தில் சர்க்கரை 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பைத் தொடர்வது உயிருக்கு ஆபத்து. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான். விரலில் குத்திப் பரிசோதிப்பதால் நோன்பு முறியாது என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோய் என்றால் பிள்ளைகளின் சம்பந்தம் தடைப்படும் என்று மறைப்பவர்கள் உண்டு. மறைப்பதால் அதே வீட்டுப் பிள்ளைகளுக்கே முதலில் தொற்றுகிறது. வழக்கமான காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம், மருந்து முழுவதும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உடம்பு தேறியதும் இரண்டாம் மாதத்தில் மருந்தை நிறுத்துவதுதான் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு வழி திறக்கிறது.

ஆண்டு முழுவதும் எந்த நாளில் எது?

நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ள:

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி: கர்ப்பிணிகளுக்கு மருத்துவரின் சிறப்புப் பரிசோதனை
ஜனவரி 30: தொழுநோய் ஒழிப்பு தினம்
பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10: குடற்புழு நீக்க நாள் (1 முதல் 19 வயது வரை, 1 முதல் 2 வயதுக்கு அரை மாத்திரை)
மார்ச் 24: உலக காசநோய் தினம்
மே 16: தேசிய டெங்கு தினம்
ஜூலை மாதத்தை ஒட்டி: வயிற்றுப்போக்குத் தடுப்பு இயக்கம்
ஆகஸ்ட் 1 முதல் 7 வரை: தாய்ப்பால் வாரம்
செப்டம்பர்: ஊட்டச்சத்து மாதம்
செப்டம்பர் 28: வெறிநாய்க்கடி தடுப்பு தினம்
நவம்பர் 14: உலக நீரிழிவு தினம்

முகாம் நாளைத் தவறவிட்டால் வாய்ப்பு போய்விட்டது என்று பொருளல்ல. இவற்றில் பெரும்பாலான சேவைகள் ஆண்டு முழுவதும் உண்டு. முகாம் என்பது நினைவூட்டல்.

யார் யாருக்கு என்ன கடமை?

நலவழி மையங்களிடம் நாம் எதிர்பார்க்கும் உரிமையும் நமக்கு உண்டு. பதாகை கட்டிப் படம் எடுத்ததோடு முடியும் முகாமால் யாருக்கும் பயனில்லை. முகாமில் சர்க்கரை கூடுதல் என்று கண்டவர் அடுத்த மாதம் மருந்துக்கு வந்தாரா, அவருக்கு மருந்து கையிருப்பில் இருந்ததா என்பதே கேள்வி. அரசு மருத்துவமனைகளில் ஊழியர் பற்றாக்குறையும் நீண்ட வரிசையும் நாடெங்கும் உள்ள குறைகள். குறை இருந்தால் வாசலில் நிற்கும் செவிலியரிடம் கோபப்படுவதால் தீராது. தேதி, நேரம், கிடைக்காத மருந்தின் பெயர் ஆகியவற்றை எழுதி மருத்துவ அதிகாரியிடமோ நலவழித்துறை துணை இயக்குநர் அலுவலகத்திலோ கொடுக்க வேண்டும். ஜமாஅத் வழியாகப் பத்துக் குடும்பங்களின் கையெழுத்தோடு கொடுத்தால் இன்னும் நல்லது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது அதிகம். ஜும்ஆவுக்குப் பின் இரண்டு நிமிடத்தில் முகாம் நாளை அறிவிக்கலாம். மதரஸா பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் செவிலியரை அழைக்கலாம். ஹஜ் பயணிகளுக்கான மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, போலியோ சொட்டு குறித்து முன்கூட்டியே நினைவூட்டலாம். பெண்களுக்கான பரிசோதனை முகாமுக்குத் திரையிட்ட தனி இடம் ஒதுக்கித் தரலாம்.

குடும்பங்களின் கடமை அதைவிட எளிது. நம் தெருவுக்கு உரிய ஆஷா பணியாளரின் பெயரும் கைபேசி எண்ணும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் வந்தால் நின்றபடி அனுப்பிவிடாமல் உட்காரச் சொல்லி, கேட்பதற்கு உள்ளதைச் சொல்ல வேண்டும். புதிதாகக் கர்ப்பம் தரித்த மருமகள், வெளியூரிலிருந்து வந்த குழந்தை, மூன்று வாரமாக இருமும் பெரியவர். இந்த மூன்றையும் நாம் சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியில்லை.

அடுத்த முறை காரைக்கால்மேட்டிலோ நம் ஊர்ப்பக்க நலவழி மையத்திலோ முகாம் என்று செய்தி வந்தால், அந்தச் செய்தியைப் பகிர்வதோடு நம் வீட்டுத் தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். எந்தத் தவணை விட்டுப்போயிருக்கிறது என்பது அதிலேயே தெரியும்.